முன்னாடியே போய்ப் பார்த்து வந்த அக்கா

என் கையெழுத்து கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். பிழைகளும் இருக்கும். நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு முப்பத்தைந்து வருஷமாக இந்தக் கை பிடித்தது சுத்தியலும் கத்தரிக்கோலும்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் மகளின் பழைய ரஃப் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களில் எழுதுகிறேன். அவளுக்குக் கன்னடமும் இங்கிலீஷும் எழுதப் படிக்கத் தெரியும். தமிழ் பேசுவாள், படிக்க வராது. இந்த விஷயத்தில் அது நல்லதுதான். இதை அவள் படிக்க வேண்டாம்.

மர்பி டவுனில் எங்கள் வீட்டுக்கு மேலே, மொட்டை மாடியில் ஷீட் போட்ட ஒற்றை அறையில் ஓர் அக்கா குடியிருந்தார். பதினோரு வருஷம் இருந்தார். பெயர் சொல்லி நாங்கள் கூப்பிட்டதே இல்லை. மாடியக்கா, அவ்வளவுதான். இங்கேயும் அப்படியே இருக்கட்டும். ஒரு கம்பெனி ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை. விடியற்காலையில் போய் மூன்று மணிக்குத் திரும்பிவிடுவார். புருஷன் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கோலார் தங்கவயலில் அண்ணன் ஒருவர் இருந்தார். அக்கா பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்று வைத்திருந்தார். வெயில் காலத்திலும் வெளியே கிளம்பினால் அதைப் போட்டுக்கொள்வார். கைப்பையை இரண்டு கையாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பார்.

அக்காவிடம் ஒரு பழக்கம். எந்தப் புது இடத்துக்குப் போவதாக இருந்தாலும், அதற்கு முன்னால் ஒரு தடவை தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கல்யாண மண்டபமானாலும் சரி, கண் ஆஸ்பத்திரியானாலும் சரி. எந்த பஸ், எத்தனை படி, பாத்ரூம் எந்தப் பக்கம், எங்கே உட்கார்ந்தால் ஃபேன் காற்று வரும் என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொள்வார். "போய் பாத்துக்னு வந்துட்டேன். பயப்பட ஒண்ணுமில்ல." இதைத்தான் கடைசியில் சொல்வார். எல்லோரும் கேலி செய்வார்கள். எதிர் வீட்டுக்காரர் ஒரு நாள், "யக்கா, மேல லோகத்தையும் ஒருவாட்டி போய் பாத்துக்னு வந்து சொல்லேன், பாத்ரூம் எப்படிக் கீதுன்னு" என்றார். அக்கா சிரிக்காமல், "பாத்தா சொல்றேம்பா" என்றார்.

நான் மட்டும் கேலி செய்ததில்லை. எனக்கு அந்தப் பழக்கம் பெரிய உதவியாக இருந்தது. போர்டு படிக்கத் தெரியாதவனுக்குப் புது இடம் என்றால் கண்ணைக் கட்டி விட்ட மாதிரி. கன்னடம் பேசுவேன், படிக்க வராது. இங்கிலீஷை எழுத்துக் கூட்டுவதற்குள் பின்னால் நிற்கிறவர் உச்சுக் கொட்டிவிடுவார். அத்தோடு எனக்குக் கூச்சம் அதிகம். யாரிடமும் போய் வழி கேட்க மாட்டேன். தப்பான வரிசையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிற ஆள்.

மகளை ஸ்கூலில் சேர்க்கப் போனபோது அப்படித்தான் நடுங்கிக்கொண்டிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் அக்கா எங்கள் வாசற்படியில் வந்து உட்கார்ந்தார்.

"நாலு படி ஏறணும் தம்பி. உள்ள ரெண்டு சேர் இருக்குது. இடது பக்கத்து சேர்ல உக்காரு, வலது பக்கத்துது கால் ஆடும். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா மொதல்ல கண்ணாடியக் கழட்டி முந்தானைல தொடைக்கும். தொடைச்சு முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்காதே. ஃபாரத்த உன்ன எழுதச் சொன்னா, நீங்களே எழுதிக்குங்க மேடம்னு குடுத்துடு. ஒண்ணும் சொல்லாது. நல்ல பொம்பள."

மறுநாள் போனேன். நாலு படி. ஆடுகிற நாற்காலி. அந்தம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் ஏற்கெனவே ஒரு தடவை வந்துபோன இடத்துக்கு வந்தவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினோரு வருஷத்தில் நான் தைரியமாக நுழைந்த ஒவ்வொரு கதவுக்குள்ளேயும் அக்கா எனக்கு முன்னால் நுழைந்திருந்தார்.

என் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பின்னால் தேவைப்படும். நான் குஷன் வேலை செய்கிறவன். சோபா, ஆட்டோ சீட்டு, ஆபீஸ் நாற்காலி எல்லாம் தைப்பேன். துணியை இழுத்துப் பிடிக்க ஒரு கை, சுத்தியலுக்கு ஒரு கை. ஆணி எடுக்க மூன்றாவது கை கிடையாது. அதனால் சின்ன ஆணிகளை ஒரு பிடி வாயில் போட்டுக்கொள்வோம். நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுத்து அடிக்க வேண்டும். இப்போது பின் அடிக்கிற மிஷின் வந்துவிட்டது, இருந்தாலும் மூலைகளுக்கு ஆணிதான். ஆணி வாயில் இருக்கும்போது பேசக் கூடாது. சிரிக்கவே கூடாது. என்னோடு வேலை கற்றுக்கொண்ட ஒருவன் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்து, மூன்று ஆணியை விழுங்கி, ஆஸ்பத்திரியில் கிடந்தான். அதைப் பார்த்ததிலிருந்து, ஆணி இல்லாத நேரத்திலும் என் வாய் பூட்டியேதான் இருக்கும். "உங்க மூஞ்சியப் பாத்தா சாமிகூட வரம் குடுக்காது" என்பாள் என் மனைவி செல்வி.

ஒரு தடவை எனக்கு ஹெர்னியா ஆபரேஷன். பெரிய ஆஸ்பத்திரி. அக்கா வழக்கம்போல முன்னாடியே போய்விட்டு வந்தார். "ஒம்பதாம் நம்பர் கட்டில். மேல ஃபேன் டக் டக்குனு சத்தம் போடும், பயப்படாதே, விழாது. பக்கத்துக் கட்டில்ல ஒரு தாடிக்காரரு. சிக்கபள்ளாப்பூர்க்காரரு. நல்லா பேசுவாரு" என்றார். எனக்கு ஒன்பதாம் நம்பர் கட்டில்தான் கொடுத்தார்கள். ஃபேன் டக் டக் என்றது. அக்கா நர்ஸிடம் சொல்லி வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்த தாடிக்காரர் நன்றாகப் பேசினார். மூன்றாம் நாள் பேச்சுவாக்கில், "எந்த ஊரு நீங்க?" என்றேன். "சிக்கபள்ளாப்பூர்" என்றார். "எப்ப வந்தீங்க?" "உனக்கு ஒரு மணி நேரம் முன்னாடிதாம்பா. பஸ்ல வயித்து வலி வந்து நேரா இங்க தூக்கிக்னு வந்துட்டாங்க."

அக்கா அந்த ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தது அதற்கு இரண்டு நாள் முன்னால்.

வீட்டுக்கு வந்தபின் அக்காவிடம் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவரும் "ஃபேன் விழலியே?" என்று மட்டும் கேட்டுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.

இன்னொரு தடவை, காரணமே இல்லாமல், தண்ணீர்க் குடத்தோடு படியேறும்போது நின்று சொன்னார். "இரும்பு கேட்டு. உள்ள போனா இடது பக்கம் ஒரு பைப்பு, மூடினாலும் சொட்டிக்னே இருக்கும். அதத் தாண்டி புங்க மரம். நெழலு நல்லா இருக்குது தம்பி. பயப்பட ஒண்ணுமில்ல." புது ஆபீஸுக்கு மாற்றிவிட்டார்கள் போல என்று நினைத்து, "பஸ் வசதி இருக்குதாக்கா?" என்று கேட்டேன். குடத்தை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "வண்டில கூட்டிக்னு போவாங்க" என்றார்.

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த சமயம். அத்திபெலேக்கு இந்தப் பக்கம் ஒரு பெரிய பார்க் இருக்கிறது. ராட்டினம், சறுக்கு எல்லாம் பகலில். ராத்திரி ஏழரைக்கு ஒரு ஷோ. முன்பக்கத்துக் குளத்தில் தண்ணீர் பாட்டுக்குத் தகுந்தாற்போல எழும்பி ஆடும், அதன்மேல் வெளிச்சத்தில் உருவங்கள் வரும். அதற்குத் தனி டிக்கெட். ஊரெல்லாம் அதைப் பற்றித்தான் பேச்சு. மகள் நித்யா போனில் வீடியோ காட்டிக் காட்டி, செல்விக்கும் ஆசை வந்துவிட்டது.

"கல்யாணம் ஆனதுலேருந்து இந்தாளு என்னை எங்கயும் உக்கார வெச்சதில்ல" என்றாள் செல்வி, சுவரைப் பார்த்து. "ஊருக்கெல்லாம் சோபா தைப்பாரு, பொண்டாட்டிக்குத் தரை."

"கும்பல் ஜாஸ்தியா இருக்கும்" என்றேன்.

"உங்கப்பாவுக்கு ரெண்டு பேர் சேர்ந்து நின்னாலே கும்பல்தான் நித்தி."

படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த அக்கா தலையைத் தூக்கினார். "போலாம் செல்வி. நாலு டிக்கெட்டு போடச் சொல்லு. நான் மொதல்ல போய் பாத்துக்னு வரேன். தம்பி பின்னால வந்தா போதும்."

நித்யா போனில் சனிக்கிழமைக்கு நான்கு டிக்கெட் போட்டாள். லீவு நாள் என்று சனிக்கிழமையைப் பார்த்தாளே தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. அதற்குப் பத்து நாள் முன்னால், ஒரு புதன்கிழமை, அக்கா வேலையிலிருந்து வந்த கையோடு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். பெண்களுக்கு பஸ் இலவசம் ஆனதிலிருந்து அக்காவுக்கு ஊர் சுற்றுவது சுலபமாகிவிட்டது. மார்க்கெட் போய் அத்திபெலே பஸ் ஏறுவதாகச் சொன்னார்.

திரும்பி வந்தபோது மணி ஒன்பது தாண்டிவிட்டது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அக்கா உள்ளே வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எப்படிக் கீதுக்கா?" என்றாள் செல்வி.

"நல்லாருக்குது. கேட்டுல பையப் பிரிச்சுப் பாப்பாங்க, தண்ணி பாட்டில எடுத்துடுவாங்க. குளத்தச் சுத்தி படி படியா சீட்டு. மூணாவது படி வழுக்கும், செல்விய கையப் புடிச்சு எறக்கு தம்பி. நாலாவது வரிசைல உக்காந்தா தண்ணி மேல தெறிக்காது. ஓரத்து சீட்டு ஆடும், அதுல உக்காராதீங்க. நடுவுல ஒரு குதிர வரும். தண்ணியிலயே குதிர. எல்லாரும் ஹோன்னு கத்துவாங்க."

"அடேங்கப்பா" என்றாள் நித்யா.

அக்கா என்னையே பார்த்தார். அவர் முகம் வாடியிருந்தது.

"உங்கள அங்க பாத்தேன் தம்பி."

"யாரை?"

"உங்க மூணு பேரையும். நாலாவது வரிசை. நீ, செல்வி, பாப்பா. பக்கத்து சீட்டுல பச்சைப் பைய வெச்சிருந்தீங்க."

செல்வி சிரித்தாள். "நாங்க இங்க சாம்பார் வெச்சிக்னு இருந்தோங்க்கா."

"ஆமா இல்ல." அக்கா கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "குதிர வந்தப்ப நீ திரும்பினே தம்பி. என்ன நல்லா பாத்தே. நான் மேல, லைட்டுக் கம்பத்துக்கிட்ட நின்னுக்னு இருந்தேன். கண்ணுக்குக் கண்ணு பாத்தே. சிரிக்கல. யாரோ வழியில போறவங்களப் பாக்கற மாதிரி பாத்தே."

கையிலிருந்த சோற்றைத் தட்டில் வைத்தேன். "நான் இல்லக்கா அது. வேற யாரோ."

"நீதான்." எழுந்தார். இரண்டு படி ஏறி நின்று, திரும்பாமலே சொன்னார். "பதினோரு வருஷம் பழகுனவளப் பாத்து ஒரு சிரிப்பு சிரிச்சா கொறஞ்சா போயிடுவே?"

அந்த ராத்திரி செல்வி, "வயசாவுதில்ல, அலைச்சலு. தலை சுத்தியிருக்கும்" என்றாள். நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். ஆனால் அக்காவுக்கு அது நிஜமான வருத்தம். நான்கு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நான் செய்யாத ஒன்றுக்கு என்மேல் கோபம். அதை எப்படித் தீர்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவரே எங்களை மாடிக்குக் கூப்பிட்டார். நான்கு பிளாஸ்டிக் ஸ்டூல்களை வரிசையாகப் போட்டிருந்தார். குளம் இருக்க வேண்டிய இடத்தில் துணி துவைக்கிற டப். நித்யாவுக்கு ஒரே குஷி.

"சனிக்கிழமை நடக்கப் போறத ஒருவாட்டி பாத்துடுவோம்" என்றார். நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்தோம். அக்கா பின்னால் போய் தண்ணீர் டேங்க் பக்கத்தில் நின்றார்.

"நீங்க எங்க உக்காருவீங்க பெரிம்மா?" என்றாள் நித்யா. "இந்த ஸ்டூல் உங்களுதுதான?"

"நான் பின்னாடிதான் கண்ணு நின்னேன்."

நின்றேன் என்றுதான் சொன்னார். நித்யா கவனிக்கவில்லை. டப்புத் தண்ணீரைக் கையால் அடித்து, "குதிர வந்துடுச்சு" என்று கத்தினாள்.

"இப்ப திரும்பு தம்பி" என்றார் அக்கா.

திரும்பினேன். அக்கா கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றிருந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பல்லு வலியா உனக்கு?" என்றார்.

செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி திரும்பினேன். "அப்பா, கரப்பான்பூச்சியப் பாத்த மாதிரி பாக்கறே" என்றாள் நித்யா. மூன்றாவது தடவை, அவர்கள் சிரித்த சிரிப்பில் எனக்கும் வந்துவிட்டது. பல் தெரியச் சிரித்தேன். அக்கா முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது.

"அது போதும். அதத்தான் கேட்டேன். அன்னிக்கும் அப்படியே சிரி."

"சிரிக்கறேங்க்கா."

"சத்தியமா?"

"சத்தியமா."

இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்னால், குழாயில் தண்ணீர் விடுகிற நேரம். எப்போதும் முதல் குடம் அக்காவுடையதாக இருக்கும். அன்று குடம் வரவில்லை. செல்வி மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினாள். கதவு தாழ்ப்பாள் போடாமல்தான் இருந்தது. அக்கா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அன்றைக்குப் போட்டுக்கொள்ள வேண்டிய வேலைச் சேலை மடித்துத் தலைமாட்டில் இருந்தது.

தங்கவயலிலிருந்து அண்ணன் வந்தார். சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். கல்பள்ளி மயானத்துக்கு நான் அதுவரை போனதில்லை. வண்டியிலிருந்து இறங்கினேன். இரும்பு கேட். உள்ளே போனதும் இடது பக்கம் ஒரு பைப். யாரோ காலைக் கழுவிவிட்டு இறுக்கி மூடினார்கள். அப்படியும் சொட்டிக்கொண்டே இருந்தது. அதைத் தாண்டி ஒரு புங்க மரம், அதன் நிழலில் வெட்டிய குழி. எல்லோரும் எந்தப் பக்கம் போவது என்று தயங்கியபோது நான் முன்னால் நடந்தேன். "உங்களுக்குத் தெரியுமா இடம்?" என்று அண்ணன் கேட்டார். தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா, இல்லை என்றா, எனக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் பால் ஊற்றிவிட்டு அண்ணன் ஊருக்குக் கிளம்பும்போது அக்காவின் கைப்பையைச் செல்வியிடம் கொடுத்தார். ஆதார் கார்டு, தைலம், ஒரு சீப்பு, இலவச பஸ் டிக்கெட்டுகள் ஒரு கட்டு. அதில் அந்தப் புதன்கிழமை டிக்கெட்டும் இருந்தது. மார்க்கெட்டிலிருந்து அத்திபெலே. நித்யாதான் படித்துச் சொன்னாள். போனது நிஜம்.

சனிக்கிழமை போவதா வேண்டாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. துக்க வீடு மாதிரி இருக்கும்போது ஷோவுக்குப் போனால் தெருவில் என்ன சொல்வார்கள்? எனக்கு அந்தப் பயம் இல்லை, வேறு பயம். அதை வெளியே சொல்ல முடியவில்லை. கடைசியில் செல்விதான் முடிவு செய்தாள். "அக்கா அவ்ளோ தூரம் போய் பாத்து வெச்சுது. போவலன்னா அதுக்குத்தான் கஷ்டமா இருக்கும்."

கிளம்பும்போது நான் ஒன்று செய்தேன். எங்கள் வீட்டில் பச்சைத் துணிப் பை ஒன்று உண்டு. அதை எடுக்காமல், நித்யாவின் நீல நிற ஜிப் பையில் எல்லாவற்றையும் நானே அடுக்கினேன். ஏன் என்று செல்வி கேட்கவில்லை.

கேட்டில் பையைப் பிரித்தார்கள். செக்யூரிட்டி ஜிப்பை இழுத்த இழுப்பில் அது வாயைப் பிளந்துகொண்டது, மூடவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டார். "பரவால்ல, என்கிட்ட இருக்குது" என்று செல்வி இடுப்பில் செருகியிருந்த பச்சைப் பையை உருவி உதறினாள். நித்யாவின் ஸ்வெட்டரும் பிஸ்கட்டும் உடைந்த நீலப் பையும் அதற்குள் போயின.

மூன்றாவது படி வழுக்கியது. செல்வி கையைப் பிடித்து இறக்கினேன். மூன்று வரிசை நிரம்பியிருந்தது. நான்காவது வரிசையில் இடம் இருந்தது. ஓரத்து சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். திருகு தளர்ந்து ஆடியது. அதை விட்டு உள்ளே தள்ளி உட்கார்ந்தோம். நான்காவது ஆள் வரவில்லை. அந்த சீட்டில் செல்வி பச்சைப் பையை வைத்தாள். வைத்துவிட்டு, யாரையோ உட்கார வைத்த மாதிரி, அதை ஒரு தடவை தட்டிக் கொடுத்தாள்.

விளக்கு அணைந்தது. தண்ணீர் எழும்பியது. அழகாகத்தான் இருந்தது. நித்யா வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள், செல்வி என் கையை விடவில்லை. பதினெட்டு வருஷத்தில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நான் மட்டும் ஷோவைப் பார்க்கவில்லை. குதிரைக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். உதடுகளை விரித்தும் மூடியும் பழகிக்கொண்டிருந்தேன். சத்தியம் செய்திருந்தேன். பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள், காலி இடத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்துவிட்டால் சத்தியம் முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தண்ணீர் இரண்டாகப் பிரிந்து, நடுவில் கழுத்தும் பிடரியுமாக எழுந்தது. எல்லோரும் ஹோ என்று கத்தினார்கள்.

திரும்பினேன்.

மேல் படியில், லைட்டுக் கம்பத்தின் பக்கத்தில் அக்கா நின்றிருந்தார். பழுப்பு ஸ்வெட்டர். இரண்டு கையாலும் பிடித்த கைப்பை. எங்களைப் பார்க்கவில்லை. முதலில் படிகளைப் பார்த்தார், விரலை மடக்கி எண்ணினார். பாத்ரூம் அம்புக்குறி எங்கே என்று தேடினார். பிறகு வரிசை வரிசையாகக் கண்ணை இறக்கிக்கொண்டே வந்தார். நான்காவது வரிசைக்கு வந்ததும் என் முகத்தில் நிறுத்தினார். ஆச்சரியப்பட்டார். பிறகு சந்தோஷப்பட்டார். தெரியாத ஊரில் தெரிந்த முகத்தைப் பார்த்த சந்தோஷம். நான் சிரிப்பதற்காகக் காத்திருந்தார்.

வாய் நிறைய ஆணி இருப்பது போல இருந்தது எனக்கு. திறந்தால் உள்ளே போய்விடும். பார்த்துக்கொண்டே இருந்தேன். கண் சிமிட்டக்கூட இல்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவர் முகத்திலிருந்து அந்தச் சந்தோஷம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. புதன்கிழமை ராத்திரி எங்கள் வாசற்படியில் பார்த்த அதே முகம் வந்தது. கைப்பையை இறுக்கிக்கொண்டு, திரும்பி, படியேறிப் போனார்.

பஸ் பிடித்து வீட்டுக்குத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஒன்பது மணிக்கு மேல் எங்கள் வாசற்படியில் உட்காரப் போகிறார். உள்ளே நான் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் சொல்லப் போகிறார்.

"இன்னா பின்னால பாத்துக்னு இருக்கீங்க? குதிர போயிடுச்சு" என்றாள் செல்வி.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வெளியே வரும்போது நித்யா கவுண்டரில், "நெக்ஸ்ட் வீக் புதன்கிழமை வந்தா கும்பல் இருக்காதுல்ல?" என்று கேட்டாள். டிக்கெட் கொடுக்கிற பெண் இல்லை என்று தலையை ஆட்டினாள். சனி, ஞாயிறு, கவர்மெண்ட் லீவு நாள் மட்டும்தான் ஷோ. புதன்கிழமை கிடையாது. ஆரம்பித்ததிலிருந்தே கிடையாது.

நான் இதை யாரிடமும் சொல்லவில்லை. செல்வியிடமும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். செத்தவரைப் பார்த்த பயம் போய்விட்டது. ஆனால் அவர் அப்போது சாகவில்லை. அவருக்கு அன்று புதன்கிழமை. உயிரோடு, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, எனக்காக இடம் பார்க்க வந்திருந்தார். ஒரு சிரிப்பு கேட்டார்.

இன்று கடைக்கு லீவு சொல்லிவிட்டு மார்க்கெட்டில் அத்திபெலே பஸ் ஏறினேன். யாரும் எனக்காக முன்னால் போய்ப் பார்த்து வராமல் நான் கிளம்பிய முதல் பயணம் இது. பார்க் கேட்டில் செக்யூரிட்டி, "இவத்து ஷோ இல்லா" என்றார், இன்றைக்கு ஷோ இல்லை என்று. "கொத்து" என்றேன், தெரியும் என்று. சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறேன் என்று கன்னடத்தில் நானே கேட்டேன். என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டார்.

குளத்தில் தண்ணீர் அசையாமல் இருந்தது. நான்காவது வரிசையில் உட்கார்ந்தேன். ஓரத்து சீட்டைச் சரி செய்திருந்தார்கள். இருட்டத் தொடங்கியபோது லைட்டுக் கம்பத்தில் விளக்கு எரிந்தது. திரும்பினேன். கம்பத்தின் கீழே யாரும் இல்லை. நான் சிரித்தேன். அன்று மாடியில் சிரித்த மாதிரி, பல் தெரிய, நன்றாக. கொஞ்சம் தள்ளிப் படியைப் பெருக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறேன் என்று நினைத்து, துடைப்பத்தை நிறுத்திவிட்டு, அவரும் சிரித்தார். விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

ஒன்பது மணி தாண்டி வீட்டுக்கு வந்தேன். செல்வியும் நித்யாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே போகாமல் கொஞ்ச நேரம் வாசற்படியில் உட்கார்ந்தேன். அப்புறம் இந்த நோட்டை எடுத்தேன்.

போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன் அக்கா. பயப்பட ஒன்றுமில்லை.

20 நவம்பர் 2024, புதன்கிழமை.